ஒன்பது அறை கேட்டார்கள், ஐந்துதான் கிடைத்தது: குன்னூரில் ஒரு பழைய பங்களா விடுதியான விவரம்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற பக்கம், தேயிலைச் சரிவை வெட்டிச் சமன்படுத்திய ஒரு மேடையில் நிற்கிறது அந்த பங்களா. பெயரும் சரியான இடமும் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். அதனால் வீடு என்றே சொல்கிறேன். மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பிள்ளைகள் கோவையிலும் பெங்களூரிலும் இருக்க, எழுபதைத் தாண்டிய அம்மா மட்டும் இரண்டு அறைகளில் வாழ்ந்துவந்தார். மற்ற அறைகளில் பூஞ்சை குடியிருந்தது. விற்றுவிடலாம், இடித்துவிட்டு காட்டேஜ் கட்டலாம், அப்படியே பழுதுபார்த்துத் தங்கும் விடுதியாக்கலாம் என்று மூன்று யோசனைகள். அம்மாவின் பிடிவாதத்தால் மூன்றாவது ஜெயித்தது. பழுதுபார்ப்பின் பொறியாளர் பொறுப்பு என்னுடையது.

இப்படிப்பட்ட வேலையில் பணம் எங்கே போகிறது என்று கேட்டால் பலரும் செதுக்கிய மரவேலை, பித்தளைக் கைப்பிடி, பழைய கட்டில் என்று நினைக்கிறார்கள். இங்கே பெரும்பகுதி தண்ணீருக்கே போனது. சுவருக்குள் ஏறி உட்கார்ந்திருந்த தண்ணீரை வெளியே அனுப்ப ஒரு செலவு. விருந்தினருக்காகப் புதிதாகத் தண்ணீரை உள்ளே கொண்டுவர இன்னொரு செலவு. ஒரு குடும்பம் புழங்கிய வீட்டில் ஐந்தாறு குளியலறைகளைச் சேர்ப்பதுதான், கட்டடத்தின் கண்ணோட்டத்தில், விடுதியாக்குவது என்பது. மற்றதெல்லாம் திரைச்சீலை.

ஓடு சொன்ன வயது

நீலகிரியில் எந்தப் பழைய வீட்டின் வயதைக் கேட்டாலும் 'சல்லிவன் காலத்து வீடு' என்ற பதில் வரும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில் அவர் தங்கிய பங்களா இடிபாடாகக் கிடந்து, பின்னர் மாவட்ட நிர்வாகத்தால் சீர்செய்யப்பட்டு இப்போது நினைவகமாக இருக்கிறது. 1822இல் ஊட்டியில் அவர் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அவர் காலத்து வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் விடுதி நடத்துகிறவர்களுக்கு ஐம்பது வருடம் கூட்டிச் சொல்வதில் ஒரு சுகம்.

இந்தக் குடும்பமும் 1850 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பத்திரங்களும் வில்லங்கச் சான்றும் ஓரளவுக்கு மேல் பின்னோக்கிப் போகவில்லை. கூரையைப் பிரித்தபோது ஓடுகள் பேசின. முன்பக்கக் கூரையில் பல ஓடுகளின் அடியில் பாசல் மிஷன் (ஜெர்மன், சுவிஸ் பாதிரிமார்களின் அமைப்பு) முத்திரை. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். பின்கட்டுக் கூரையிலோ காமன்வெல்த் முத்திரை. முதல் உலகப் போரில் எதிரி நாட்டுச் சொத்தாகக் கருதப்பட்டு, மிஷனின் ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்டின் கைக்கு மாறின. ஆகவே பின்கட்டின் கூரை போருக்குப் பிந்தையது. முன்பகுதியின் ஓடு 1865க்கு முன் வந்திருக்க வழியில்லை. சுவர் ஓட்டைவிடப் பழையதாக இருக்கலாமே என்று மகன் கேட்டார். இருக்கலாம்; பழைய வீடுகள் சிலவற்றில் முதலில் புல் வேய்ந்து, பிறகு ஓடு மாற்றினார்கள். ஆனால் இங்கே சுவரின் மேல்விளிம்பும் ஓட்டைத் தாங்கும் கைமரங்களும் மங்களூர் ஓட்டின் பாரத்துக்கும் சாய்வுக்கும் அளவெடுத்து வைத்தவை. பின்னால் மாற்றிய அடையாளமே இல்லை. விடுதியின் அறிமுகப் பலகையில் 'பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி' என்று எழுத அம்மா சம்மதித்தார். மகனுக்கு இன்னும் வருத்தம்தான்.

வீட்டை விடுதியாக்குவது இந்த மலைக்குப் புதிதில்லை. ஊட்டி கிளப் கட்டடமே 1830களின் தொடக்கத்தில் சர் வில்லியம் ரம்போல்டு ஓட்டலாக எழுப்பியதுதான். ஃபெர்ன்ஹில் 1844இல் ஒரு ராணுவ அதிகாரியின் வீடாகத் தொடங்கி, 1873இல் மைசூர் மகாராஜாவிடம் போய், பிறகு அரண்மனை ஓட்டலானது. மதராஸ் அரசாங்கம் கோடையில் ஊட்டிக்கு இடம்பெயர்ந்த காலத்தில், சீசனுக்கு வீட்டை மேசை நாற்காலியோடு வாடகைக்கு விடுவது பல குடும்பங்களின் பிழைப்பு. ஆனால் அன்றைய விருந்தாளி வாளித் தண்ணீரில் குளித்தார். இன்றைய விருந்தாளிக்கு ஷவரில் இருபது நிமிடம் வெந்நீர் வேண்டும். சுவருக்குத் தெரிவது இந்த வித்தியாசம்தான்.

பின்பக்கக் கதவுகள்

வீட்டின் அமைப்பு அந்தக் காலத்து வழக்கப்படிதான். மேற்கே பள்ளத்தாக்கைப் பார்த்துக் கண்ணாடி போட்ட தாழ்வாரம், நடுவில் பெரிய கூடம், இரு பக்கமும் படுக்கையறைகள், புகைக்கும் தீக்கும் பயந்து தள்ளிக் கட்டிய சமையற்கட்டு. வடகிழக்குச் சுவர் ஏறக்குறைய மொட்டையாக இருந்தது. கட்டியவர் விவரம் தெரிந்தவர். ஊட்டிக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வருகிற சாரல்தான் சுவரை அடிக்கும். அந்தப் பக்கத்தில் திறப்பு வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னொரு காலத்தில் யாரோ 'வெளிச்சம் போதவில்லை' என்று அங்கே ஒரு பெரிய ஜன்னலைத் திறந்திருந்தார்கள். அதன் அடியில்தான் வீட்டிலேயே மோசமான ஓதம், அதாவது சுவர் ஈரம்.

படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிறிய குளிக்கும் அறை. அதற்கு வெளியே திறக்கும் குட்டையான தனிக்கதவு. மலச்சட்டியை எடுத்துப்போக வருகிறவர் வீட்டுக்குள் கால் வைக்காமல், யார் கண்ணிலும் படாமல் வந்துபோவதற்கான வாசல் அது. பழைய பங்களாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பட்லர், ஆயா, தோட்டக்காரர் வரை வருவார்கள். இந்தக் கதவுக்கு வரமாட்டார்கள். நான்கு கதவுகளில் மூன்றை எப்போதோ செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். நான்காவதன் கல்படி நடுவில் குழிந்து தேய்ந்திருக்கிறது. அத்தனை தேய்மானம் முன்வாசல் படியில்கூட இல்லை.

எங்கள் வேலையின் முக்கியமான முடிவு இந்தக் கதவுகளை வைத்துத்தான் அமைந்தது. பழைய குளிக்கும் அறைகளின் தளம் கல்பாவியது, சரிவு வெளியே ஓடும்படி வைத்தது. படுக்கையறைகளின் தளமோ மரப்பலகை. அடியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி. ஈரத்துக்கென்று கட்டிய இடமும் ஈரமே ஆகாத இடமும் வீட்டில் ஏற்கெனவே பிரிந்திருந்தன.

ஒன்பதா, ஐந்தா

குடும்பத்தின் ஆடிட்டர் ஒன்பது அறை இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்று கணக்குக் கொடுத்திருந்தார். கூடத்தை இரண்டாகத் தடுத்து, தாழ்வாரத்தை அறையாக்கி, பெரிய படுக்கையறைகளின் மூலைகளில் குளியலறைகளைச் செருகினால் ஒன்பது வரும். அவர் கணக்கில் தவறில்லை. மரத்தளத்தின் மேல் கான்கிரீட் போட்டு ஓடு ஒட்டி ஷவர் வைத்தால், குழாய் இணைப்பு ஒன்று கசிந்தாலும் வெளியே தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும், அதற்குள் அடியில் கட்டைகள் உளுத்துப்போயிருக்கும் என்பது மட்டும் அதில் இல்லை.

பழைய குளிக்கும் அறைகள் நான்கு. பின்கட்டில் கல்தளம் போட்ட சரக்கறை ஒன்று. ஆக ஐந்து அறை என்றேன்.

"அஞ்சு ரூமுக்கு இவ்வளவு செலவா சார்? வட்டியே கட்ட முடியாது" என்றார் மகன்.

அம்மா குறுக்கிட்டார். "தம்பி, ஒம்பது ரூம் போட்டா வீடு எத்தனை வருஷம் தாங்கும்?"

"பத்துப் பதினஞ்சு வருஷத்துல மறுபடியும் இதே வேலை செய்யணும்மா."

"அப்ப அஞ்சே போதும். வாடகையை ஏத்துங்க."

வாடகையைத்தான் ஏற்றினார்கள். கூடமும் தாழ்வாரமும் முழுசாகத் தப்பித்தன. அந்த வீட்டில் காப்பாற்ற வேண்டியவை என்று நான் நினைத்ததே அந்த இரண்டையும்தான்.

நல்ல எண்ணத்தில் செய்த கெடுதல்கள்

சுவர் ஒன்றரை அடி கனம். உடைத்த கருங்கல்லை மண்சாந்து வைத்து அடுக்கி, இருபுறமும் சுண்ணாம்புப் பூச்சு. இது மலிவுக்காகச் செய்ததில்லை. மலையில் சுண்ணாம்பு கிடையாது; சமவெளியிலிருந்து மாட்டுவண்டியில் ஏற வேண்டும். குன்னூருக்கு ரயில் வந்ததே 1899இல்தான். அதனால் சுண்ணாம்பை மேல்பூச்சுக்கும் ஜன்னல் வளைவுகளுக்கும் சிக்கனமாக வைத்துக்கொண்டு, சுவரின் உள்ளே மண்ணை நம்பினார்கள். மண்சாந்துச் சுவர் நனையும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் வெளியேறிவிடும். நனைவதும் காய்வதுமாக நூறு வருடம் ஓடிவிட்டது.

பிறகு சிமென்ட் வந்தது. பூச்சு உதிர்ந்த இடங்களில் முதலில் திட்டுத்திட்டாகவும், பிறகு வெளிச்சுவர் முழுவதும் சிமென்ட் பூசியிருந்தார்கள். மண்சாந்துச் சுவர் லேசாக அசையும். சிமென்ட் அசையாது, அதனால் மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பு வழியே சாரல் உள்ளே போகும், ஆனால் வெளியே வர வழியில்லை. மண்சாந்து ஊறிக் குழைந்து, சில இடங்களில் விரலால் தோண்டி எடுக்கும் நிலையில் இருந்தது. உள்பக்கம் உப்புப் பூத்தது. உப்பை மறைக்க பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தார்கள். அதுவும் கொப்பளித்ததால் மரப்பலகை அடித்து மூடினார்கள். பலகைக்குப் பின்னால் கரையான்.

இதோடு இன்னும் இரண்டு. மலைப்பக்கச் சரிவிலிருந்து மண் இறங்கி, பின்சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்கு ஏறியிருந்தது. அதன்மேல் அழகாகப் பூச்செடி. முன்பக்கம் வழுக்காமல் நடக்க வீட்டைச் சுற்றி கான்கிரீட் நடைபாதை போட்டு, தரைக்கடியில் காற்றுப்போகும் துவாரங்களை அடைத்துவிட்டார்கள். பலகைத் தளத்தின் கட்டைகளை ஆசாரி உளியால் குத்திப் பார்த்தார். சுவரோரத்தில் முழு உளியும் இறங்கியது.

வீட்டைப் பார்க்க வந்த வேறொரு ஒப்பந்ததாரர் சுவரில் துளைபோட்டு ரசாயனம் ஏற்றினால் ஓதம் நின்றுவிடும் என்று எஸ்டிமேட் கொடுத்திருந்தார். ஒழுங்காக அடுக்காத கல்லும் மண்ணுமான சுவரில் அந்த மருந்து ஒரு மட்டத்தில் பரவாது. கிடைக்கிற சந்தில் ஓடிவிடும். அதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். இதற்கு ஒரு மலிவான சோதனை உண்டு. சுவரில் அலுமினியத் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சில நாள் விட வேண்டும். தாளின் வெளிப்புறம் நீர்த்துளி நின்றால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. ஜன்னலைத் திறந்தால் தீரும். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூடத்தில் முதல் வகை, பின்னறைகளில் இரண்டாவது. கணப்புப் புகைக்கூண்டுகளை ஒட்டிய சுவரில் மட்டும் மூன்றாவதாக ஒன்று: மேலே வாயை கான்கிரீட் பலகையால் அடைத்திருந்ததால் உள்ளே காற்று அசையவில்லை, பழைய கரியில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டிருந்தது. அங்கே பலகையை எடுத்து, மழை விழாமல் காற்று மட்டும் போகும் மூடி வைத்ததே போதுமானதாக இருந்தது.

முதல் வேலை மண்வெட்டி வேலை. பின்சுவரிலிருந்து மண்ணை எடுத்து, சுவருக்கும் சரிவுக்கும் நடுவே தரைமட்டத்துக்குக் கீழே ஒரு வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, தண்ணீர் வீட்டைச் சுற்றிக்கொண்டு கீழே போகும்படி செய்தோம். கான்கிரீட் நடைபாதையை உடைத்துத் துவாரங்களைத் திறந்தோம். இறவாணத்தில், அதாவது கூரையின் ஓரத்தில், மழைநீர் வடியத் தகரத் தூம்புகள் வைத்தோம். பிறகு சிமென்ட் பூச்சை, கல் பெயராமல், சிறு உளியால் பகுதி பகுதியாகக் கொத்தி எடுத்தோம்.

அதன்பிறகு காத்திருந்தோம். கனமான சுவர் காய ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. மகனுக்குப் பொறுக்கவே இல்லாத கட்டம் இது. வெற்றுக் கல்லாக வீடு நிற்கிறது, ஆள் யாரும் வேலை செய்யவில்லை, வங்கி வட்டி மட்டும் ஓடுகிறது.

சுண்ணாம்பு வேலைக்குச் சமவெளியிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். அப்பா காலத்திலிருந்து கோயில் வேலை. சுட்ட சுண்ணாம்பைக் குழியில் நீற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் கடைசிப் பூச்சுக்கு மட்டும். கடுக்காயைப் பற்றி இப்போது ஒரு மந்திரம்போலப் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை, சுண்ணாம்பு நன்றாக நீறியிருப்பதும் மணல் கழுவிச் சுத்தமாக இருப்பதும் கலவையின் தரத்தில் முக்கால்வாசி. மேஸ்திரி குளிரைத்தான் குறைத்து எடைபோட்டிருந்தார். "எங்க ஊர்ல ரெண்டு நாள்ல அடுத்த கோட் அடிச்சிருவேன் சார், இங்க பத்து நாள் ஆனாலும் நகம் பதியுது" என்றார். மலையில் சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். மஞ்சு இறங்கும் மாதங்களில் ஏறக்குறைய இறுகவே இறுகாது. பிப்ரவரியிலிருந்து மே வரைதான் பூச்சுக் காலம். விடுதிக்காரர்களுக்கு வருமானக் காலமும் அதுவே. ஆக, ஒரு முழு சீசனை இழக்கத் தயாராக இல்லாதவர்கள் சுண்ணாம்பைத் தொடாமல் இருப்பது நல்லது.

உளுத்த கட்டைகளுக்கு மாற்று மரம் தேடினோம். எஸ்டேட்டுகளில் தாராளமாகக் கிடைக்கும் சில்வர் ஓக் கரையானுக்குத் தாங்காது. கடைசியில் காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளிலிருந்து வந்த பழைய பர்மா தேக்கு வாங்கினோம். ஒரு பழைய வீட்டைக் காப்பாற்ற இன்னொரு பழைய வீட்டின் எலும்பை வாங்கியிருக்கிறோம். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

கூரையில் நல்ல ஓடுகளை எல்லாம் முன்பக்கத்துக்குச் சேர்த்து, பின்பக்கம் புது ஓடு. ஓட்டுக்கு அடியில் தண்ணீரைத் தடுத்து ஆவியை விடும் ஒரு விரிப்பு. குரங்குகள் ஓட்டைப் புரட்டிப் பார்ப்பது இங்கே அன்றாடம் என்பதால் ஓரத்து வரிசைகளைக் கம்பியால் கட்டினோம். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை.

உள்ளே வரும் தண்ணீர், வெளியே போகும் தண்ணீர்

குன்னூர் நகரத்தின் முக்கியக் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று ரேலியா அணை. கோடையில் பல பகுதிகளுக்குப் பல நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். விருந்தினர் குவிவதும் அப்போதுதான். நீலகிரியில் ஆழ்துளைக் கிணறு போடத் தடை. ஆக, கூரைத் தண்ணீரைச் சேர்ப்பது இங்கே கட்டாயம். முன்கூரையின் தூம்புகளை முதல் மழைநீரைத் தள்ளிவிடும் குழாய் வழியாக நிலத்தடித் தொட்டிக்குக் கொண்டுபோனோம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்புகிற தொட்டி மார்ச் வரை கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் ஓடுகிறது. ஏப்ரலில் லாரித் தண்ணீர்தான். இதை மறைத்து 'இயற்கை விடுதி' என்று விளம்பரம் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், ஒத்துக்கொண்டார்கள்.

கழிவுநீர் அதைவிடச் சிக்கல். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரத்தில் பெருமழையில் சரிவுகள் இறங்கி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பார்த்த யாரும் சரிவின் தலைமாட்டில் உறிஞ்சுகுழி தோண்டச் சம்மதிக்கக் கூடாது. ஐந்து குளியலறைத் தண்ணீரை நாள்தோறும் ஒரே இடத்தில் மண்ணுக்குள் இறக்கினால், அடுத்த பெருமழைக்கு மண் ஏற்கெனவே ஊறித் தயாராக இருக்கும். செப்டிக் டேங்கைத் தடுப்புச் சுவரிலிருந்து தள்ளி, கசியாத தொட்டியாகக் கட்டினோம். அதிலிருந்து வருவதை ஜல்லியில் வாழையும் கல்வாழையும் வைத்த அகலமான, ஆழமில்லாத பாத்தியில் பரப்பினோம். டேங்கின் இடத்தைத் தீர்மானித்தது இன்னொரு அளவு: கழிவுநீர் லாரியின் குழாய் எட்டும் தூரம். வண்டி எட்டாத இடத்தில் டேங்க் வைத்தால் என்றைக்காவது ஒரு மனிதனை உள்ளே இறக்குவார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் தொலைவில் கட்டிய டேங்க் அதற்கு ஆசைகாட்டும். பின்வாசல் படி தேய்ந்த வீட்டில் அந்த வேலையை வேறு உருவில் தொடர அம்மாவுக்கும் மனமில்லை. அடைத்திருந்த மூன்று கதவுகளின் வழியாகத்தான் புதிய குழாய்கள் எல்லாம் வெளியே போகின்றன. எந்தச் சுவரையும் புதிதாகத் துளைக்கவில்லை. குழாய் எல்லாமே வெளியே, கண்ணில் படும்படி ஓடுகிறது. அழகில்லைதான், கசிந்தால் அன்றே தெரியும்.

அனுமதிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சுவரின் அளவும் உயரமும் மாறாததால் பாதி தொல்லை குறைந்தது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955லிருந்தே இருப்பதால், கூரைமேல் சாய்ந்த ஒரு மரத்தை வெட்டத் தனியாக மனுப்போட்டு அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

கணப்புகளில் கூடத்தில் இருப்பதை மட்டும் எரிய வைத்தோம். படுக்கையறைகளில் வேண்டாம் என்றேன். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்து, கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் இந்த மலைகளில் உண்டு. 'ரொமான்டிக்காக இருக்குமே' என்று விருந்தினர் கேட்கத்தான் செய்வார்கள். வெந்நீர்ப் பை கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதைய நிலை

விடுதி ஓடுகிறது. வார இறுதிகளிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் ஐந்து அறையும் நிரம்புகின்றன. 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது மகன் மிகவும் பயந்தார். இங்கே வருகை பெரிதாகக் குறையவில்லை, முன்கூட்டிப் பதிவுசெய்து வருகிறவர்கள்தானே. மழைக்காலம் மந்தம். அந்த மாதங்களில் அறைகளைப் பூட்டிவைக்கக் கூடாது என்பது என் நிபந்தனை: ஆள் இல்லாவிட்டாலும் காலை பத்து முதல் மாலை நான்கு வரை, சாரல் இல்லாத பக்கத்து ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

வருடாந்தரப் பராமரிப்புக்கென்று அறை வாடகையில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுகிறார்கள். செப்டம்பரில் பின்வாய்க்காலையும் தூம்புகளையும் சுத்தம் செய்வது, ஜனவரியில் புரண்ட ஓடுகளை மாற்றுவது, பிப்ரவரியில் வெளிச்சுவருக்கு வெள்ளையடிப்பது ஆகிய மூன்றும் அந்தக் கணக்கில் வருகின்றன. வெள்ளை என்றால் சுண்ணாம்பு வெள்ளை. டப்பா வர்ணம் இல்லை. போன வருடம் ஒரு காட்டெருமை பின்வாய்க்காலின் கரையை மிதித்து உடைத்துவிட்டது. ஒரு மாதம் யாரும் கவனிக்கவில்லை. பின்னறை மூலையில் மறுபடி ஓதம் தலைகாட்டிய பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு தோட்டக்காரர் வாரம் ஒருமுறை வாய்க்காலைச் சுற்றிவருகிறார்.

வடகிழக்குச் சுவரில் பின்னால் திறந்த ஜன்னலை அடைத்துவிட்டோம். அதன் அடிப்பகுதி மட்டும் இன்னும் முழுதாகக் காயவில்லை. ஈரமானியின் அளவு வருடாவருடம் குறைகிறது, ஆனால் மற்றச் சுவர்களின் அளவுக்கு வரவில்லை. அங்கே கடைசிப் பூச்சு போடாமல் முதல் பூச்சோடு விட்டு, முன்னால் ஓர் அலமாரியைக் கையகலம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அடுத்த பிப்ரவரியில் அளந்து பார்த்துவிட்டு, பூசுவதா இன்னொரு வருடம் விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.